எம்டன் ராத்திரியும் ஒரு ஜாதகமும்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய பத்திரிகை நகல் கிடைத்தது. 1918 செப்டம்பர், அரிசி விலை ஏறி ஊருக்கு ஊர் மண்டிகள் சூறையாடப்பட்ட சமயம். கைதானவர்கள் பட்டியலில் உன் கொள்ளுத்தாத்தா பெயர். "கிடைத்துவிட்டார் ஐயா" என்று மூன்று ஆச்சரியக்குறி போட்டிருக்கிறாய். கொஞ்சம் பொறு.

நம்மில் பேரன் என்றால் பெயரன். தாத்தா பெயரையே பேரனுக்கு வைத்து வைத்து, ஒரே தெருவில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். பிரித்துக் காட்டக் குடும்பப் பெயரும் கிடையாது. தகப்பன் பெயர், ஊர், தொழில், இவற்றில் இரண்டேனும் ஒத்துப்போகிறதா என்று பார். அவரேதான் என்றாலும், கைதைப் போட்ட பத்திரிகை விடுதலையையும் போட்டிருக்கும் என்று நம்பாதே. அடுத்த ஆறு மாத இதழ்களைப் புரட்டிய பிறகு உன் குடும்ப வரலாற்றில் எழுது. அதற்கும் முன்னால் உன் அத்தையிடம் சொல்லிவிடு. இதை அவர் அச்சில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது.

கணினியில் பெயரைத் தட்டினால் ஒன்றும் வருவதில்லை என்று குறைப்பட்டிருந்தாய். வராது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, னை எல்லாம் தும்பிக்கை வைத்த எழுத்துகள். இயந்திரம் அங்கே தடுமாறும். போதாக்குறைக்கு ம.ரா.ரா.ஸ்ரீ என்று அடைமொழி வேறு முன்னால் நிற்கும். அதனால் ஆளைத் தேடாதே, நாளைத் தேடு. புயல், கப்பல், தேர்த்திருவிழா, கலகம் என்று வீட்டில் எதைச் சொல்லிக் காலம் குறிக்கிறார்களோ அதைப் பிடித்துக்கொண்டு, தரமணி ரோஜா முத்தையா நூலகம் மாதிரி இடத்தில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார். கழுத்து வலிக்கும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

என் பாட்டி கதையைச் சொல்கிறேன். எம்டன் குண்டு போட்ட ராத்திரியில் பிறந்தவள் என்பது எங்கள் வீட்டு வேதம். அவள் குணத்துக்கும் அந்தப் பெயர் பொருந்தியதால் யாரும் சந்தேகப்படவில்லை. 22-9-1914 இரவு ஒன்பதரை மணி சுமாருக்கு அந்த ஜெர்மன் கப்பல் சென்னைக் கடற்கரைக்கு எதிரே வந்து நூற்றுச் சொச்சம் குண்டுகளைச் சுட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. அரை மணிக்குள் கப்பல் போய்விட்டது. 1899-லேயே நாளிதழாகிவிட்ட சுதேசமித்திரனில் பிரசவச் செய்தியா போடப்போகிறார்கள்? கப்பலைப் பற்றி வாசிக்கத்தான் போனேன்.

போகும் முன் பாட்டியின் ஜாதகத்தை எடுத்துப் பார்த்தேன். ஆனந்த வருஷம், புரட்டாசி 14. குண்டு விழுந்து ஒரு வாரம் கழித்து! வேதம் பொய்த்தது. எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது.

ஆனால் இன்னொன்று இடித்தது. பாட்டி தலைச்சன் பிள்ளை. தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடக்க வேண்டியது, செங்கல்பட்டில் அவள் அத்தை வீட்டில் ஏன் நடந்தது? எங்களில் யாரும் இதைக் கேட்டதே இல்லை. குண்டு விழுந்த பிறகு ஆயிரக்கணக்கான ஜனங்கள் சென்னையைக் காலி செய்துகொண்டு போனதைப் படித்தபோதுதான் கேட்கத் தோன்றியது. பாட்டியின் தங்கை அப்போது உயிரோடு இருந்தார். போய்க் கேட்டேன். "வண்டியிலயே வலி எடுத்துடுச்சாம்டா. செங்கல்பட்டுல நாத்தனார் வீடு இருக்கேன்னு எறக்கிட்டாங்களாம். எங்கம்மா சொல்லிச் சொல்லி அழும்," என்றார்.

ஆக, பாட்டி பிறந்தது குண்டுச் சத்தத்தில் இல்லை, ஓடிய வழியில். எம்டன் ராத்திரிக் கதையைவிட எனக்கு இதுதான் பெரிய நாடகமாகப் படுகிறது: நிறைமாதக்காரி, பயந்த புருஷன், மாட்டுவண்டி, புரட்டாசி மழை பெய்ததா என்பதுகூடத் தெரியாத ஒரு சாலை. மழையை நான் எழுதவில்லை. எழுதக் கை துறுதுறுத்தது. வீட்டுக் கதை, ஜாதகத் தேதி, பத்திரிகைச் செய்தி, சின்னப்பாட்டி சொன்னது எல்லாவற்றையும் யார் சொன்னது என்ற குறிப்போடு அப்படியே போட்டுவிட்டேன். எங்கள் வீட்டில் இன்னமும் பாட்டி எம்டன் ராத்திரியில்தான் பிறந்தாள்.

அத்தை என்ன சொன்னார் என்று எழுது. அவர் கோபப்பட்டாலும் அதையும் எழுது.

அன்புடன்,
உன் ஐயா