சிகிச்சை முடித்துப் பள்ளி திரும்பும் குழந்தை

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது இரத்தப் புற்றுநோய். பெரும்பாலும் அதன் சிகிச்சை 2 முதல் 3 ஆண்டுகள் நீளும். அது முடிந்து மாணவர் வகுப்புக்கு வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் மருந்துகளின் பின்விளைவுகள் சில, ஆண்டுகள் கழித்தும் தெரியவரலாம். அவை முதலில் கண்ணில் படும் இடம் பெரும்பாலும் வகுப்பறையே.

வின்கிறிஸ்டின் என்ற மருந்து நரம்புகளைப் பாதிக்கக்கூடியது. பென்சிலை உறுதியாகப் பிடிக்க முடியாமல் கையெழுத்து கோணலாகும். நடக்கையில் கால் தடுக்கும். இதைச் சோம்பல் என்று கருதி மீண்டும் எழுதிவரச் சொல்வது கொடுமை. எழுதக் கூடுதல் நேரம் கொடுங்கள். வாய்மொழியாகவும் விடை கேளுங்கள். சில கட்டிகளுக்குத் தரப்படும் சிஸ்பிளாட்டின், செவித்திறனைக் குறைக்கலாம். முதலில் மங்குவது உச்ச ஒலிகள். அதனால் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பும் குழந்தை, சொல்வதெழுதுதலில் ‘ஸ’ போன்ற மெல்லிய ஒலிகளைத் தவறவிடும். டாக்சோரூபிசின் பெற்றவர்களுக்கு இதயப் பரிசோதனை தேவைப்படும். விளையாட்டு வேளையில் வழக்கத்துக்கு மாறாக மூச்சு வாங்கினால் வற்புறுத்தாதீர்கள்.

பார்த்ததைத் தேதியுடன் எழுதிப் பெற்றோரிடம் கொடுங்கள். மருந்தின் பெயரும் மொத்த அளவும் உள்ள சிகிச்சைச் சுருக்கத்துடன் அதை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். எந்தப் பரிசோதனை வேண்டும் என்று அவர் முடிவுசெய்ய இவ்விரண்டும் உதவும்.

சிகிச்சை முடிந்த முதல் மாதங்களில் வகுப்பில் எவருக்கேனும் சின்னம்மை கண்டால், அன்றே பெற்றோருக்குத் தெரிவியுங்கள். தடுப்பு மருந்தைச் சில நாட்களுக்குள் தொடங்க வேண்டியிருக்கும்.