மிதிவண்டி மிதக்கும் வண்டி ஆகுமா?



2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியதை நம்ம வடசென்னையில் யாரும் மறந்திருக்க மாட்டோம். எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணி. படகு எப்போ வரும், எப்போ வரும் என்று மாடியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தோம். பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர் சும்மா இருக்கவில்லை. இரண்டு நீல டிரம்மைச் சேர்த்துக் கட்டி, அதன் மேல் ஒரு பழைய கதவைப் போட்டு, அவங்க ஆயாவை ஏற்றித் தள்ளிக்கொண்டு போனார். நன்றாகவே மிதந்தது. தெருமுனையில் இறங்குவதற்காக ஆயா எழுந்து ஒரு ஓரமாகக் கால் வைத்தார். அவ்ளோதான், கதவு குப்புறக் கவிழ்ந்தது! தண்ணி இடுப்பளவே இருந்ததால் தூக்கிவிட்டோம். ஆழமாக இருந்திருந்தால்?

அன்றிலிருந்து எனக்கு ஒரு யோசனை. ரோட்டில் மிதித்து ஓட்ட வேண்டும், தண்ணியில் மிதக்க வேண்டும், ராத்திரி நனையாமல் படுக்கவும் இடம் வேண்டும். இப்படி ஒரு வண்டியை நாமே செய்ய முடியுமா? அதைப் பற்றிப் படித்ததையும், போட்ட கணக்கையும் இங்கே எழுதுகிறேன்.

முன்னோடி ஒருவர்

பீகார் மாநிலம் மோதிஹாரியைச் சேர்ந்தவர் முகமது சைதுல்லா. தேன் விற்றுப் பிழைத்தவர். 1975-இல் அங்கே பெரிய வெள்ளம். ஆற்றைக் கடக்கப் படகுக்குக் காசு கேட்டார்கள். அப்போதுதான் அவருக்கு நம் சைக்கிளே மிதந்தால் என்ன என்று தோன்றியது.

அவர் செய்தது இதுதான். சைக்கிளின் முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் இரண்டு, ஆக 4 காற்றுப் பெட்டிகளைப் பொருத்தினார். பின்சக்கரத்தில் விசிறித் தகடுகளை மாட்டினார். பெடலை மிதித்தால் தகடுகள் தண்ணியைப் பின்னால் தள்ளும், சைக்கிள் முன்னால் போகும். கரை ஏறியதும் பெட்டிகளை மேலே மடக்கிக்கொண்டு சாதாரண சைக்கிளாக ஓட்டலாம். பாட்னாவில் கங்கை ஆற்றையே அதில் கடந்து காட்டினார். நேஷனல் இன்னோவேஷன் பவுண்டேஷன் 2005-இல் அவருக்கு விருது அளித்தது. கொடுத்தவர் யார் தெரியுமா? அப்போதைய குடியரசுத் தலைவர், நம் அப்துல் கலாம் ஐயா!

வெளிநாட்டிலும் இப்படி உண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் ஃபெர்ன்டேல் ஊரில் 1969-இல் தொடங்கிய ஒரு போட்டியில், மிதித்து ஓட்டும் வண்டிகள் ரோடு, மணல், சேறு, தண்ணி எல்லாவற்றையும் கடக்க வேண்டும். லாட்வியா நாட்டு வடிவமைப்பாளர் ஐகார்ஸ் லௌசிஸ் மூன்று சக்கர சைக்கிளையும் படகையும் படுக்கும் அறையையும் ஒன்றாகச் சேர்த்து 2020 வாக்கில் ஒரு வண்டி செய்தார். ஆனால் அதில் மின்மோட்டாரின் உதவியும் உண்டு.

நம்ம வண்டி எது?

இரண்டு சக்கர சைக்கிளில் படுக்க முடியாது. ஆனால் காசிமேட்டில் மீன் ஏற்றிப் போகும் மீன்பாடி வண்டி இருக்கிறதே! மூன்று சக்கரம், முன்னால் அகலமான தட்டு, பின்னால் மிதிப்பவர். தட்டில் ஒருவர் காலை மடக்கியாவது படுக்கலாம். அதையே எடுத்துக்கொள்வோம்.

முதல் பாடம்: எத்தனை கேன் வேண்டும்?

ஆர்க்கிமிடீஸ் விதி நமக்குத் தெரியும். ஒரு பொருள் எவ்வளவு தண்ணியை விலக்குகிறதோ, அந்தத் தண்ணியின் எடை அளவுக்கு அதைத் தண்ணி மேலே தள்ளும். 1 லிட்டர் தண்ணி 1 கிலோ. அப்படியானால் எத்தனை கிலோ ஏற்றுகிறோமோ, அத்தனை லிட்டர் இடம் தண்ணிக்குள் அமுங்க வேண்டும்.

ஓட்டுபவர் – 50 கிலோ
வண்டி – 70 கிலோ
தார்ப்பாய், படுக்கை – 10 கிலோ
குடிதண்ணி, சாப்பாடு, துணி – 20 கிலோ
கேன், கழி, கயிறு – 30 கிலோ
மொத்தம் – 180 கிலோ

இது கணக்குக்காக வைத்தது. உண்மையில் செய்யும்போது வண்டியைக் காயலான் கடைத் தராசில் ஏற்றி எடை போட்டுவிடுங்கள். குத்துமதிப்பாகச் சொல்லவே கூடாது!

180 கிலோவுக்கு 180 லிட்டர் இருந்தால் மிதக்கும். ஆனால் கேன் முழுக்க அமுங்கித் தண்ணி மட்டத்தோடு நிற்கும். ஒரு சின்ன அலை வந்தால் போச்சு. ஆகவே இரட்டிப்பாக வைக்க வேண்டும், 360 லிட்டர். திருகு மூடி போட்ட 20 லிட்டர் கேன் என்றால் 18 கேன். இடது பக்கம் 9, வலது பக்கம் 9. அப்போது கேன்கள் பாதிதான் அமுங்கும்.

இரண்டு பெரிய டிரம் போதாதா என்று கேட்பீர்கள். ஒரு டிரம்மில் ஓட்டை விழுந்தால் ஒரு பக்கமே போய்விடும். 18-இல் ஒன்று ஓட்டையானால் 17 மிச்சம். இதை நம் முன்னோர் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். கட்டுமரத்தில் தண்ணி நிறையும் பள்ளமே இல்லை, தனித்தனி மரங்களைச் சேர்த்துக் கட்டியது. அலை மேலே ஏறினாலும் இடுக்கு வழியாக வடிந்துவிடும். ஆங்கிலத்தில் கேட்டமரான் என்கிறார்களே, அந்தச் சொல்லே நம் கட்டுமரத்திலிருந்து போனதுதான்.

இரண்டாவது பாடம்: ஆயா ஏன் கவிழ்ந்தார்?

மிதப்பது சுலபம், கவிழாமல் இருப்பதுதான் கஷ்டம். அந்த இரண்டு டிரம்மும் நடுவில் நெருக்கமாக இருந்தன. ஆயா கால் வைத்த ஓரத்தின் கீழே தாங்க ஒன்றுமே இல்லை. நின்றுகொண்டும் இருந்தார், அதனால் பாரம் உயரத்தில் இருந்தது.

நம்ம வண்டியில் இரண்டு கேன் வரிசைக்கும் நடுவே 120 செ.மீ. இடைவெளி விடுவோம். நீளமான சவுக்குக் கழிகளில் கேன்களை வரிசையாகக் கட்டி, தட்டின் முன்னாலிருந்து ஓட்டுபவரின் இருக்கை வரை நீட்ட வேண்டும். இப்போது கணக்கு போடுங்கள்.

ஆள் இல்லாமல் 130 கிலோ. வரிசைக்கு 65 கிலோ. ஓட்டுபவர் நகர்ந்து ஒரு வரிசைக்கு நேர் மேலே உட்கார்ந்தால் அந்த வரிசைக்கு 65 + 50 = 115 கிலோ. ஒரு வரிசை தாங்குவது 180. தப்பித்தோம்! அதே பக்கமாக இன்னொரு 50 கிலோ ஆள் ஏறினால் 165. விளிம்புக்கு வந்துவிட்டோம். மூன்றாவது ஆள் தொற்றினால் கவிழும். வெள்ளத்தில் பயந்தவர்கள் ஒரே பக்கமாகத்தான் வந்து பிடிப்பார்கள். அதனால் ஏறுவதும் இறங்குவதும் பின்பக்க நடுவில் மட்டும் என்று வண்டியிலேயே எழுதி வைக்க வேண்டும். குடிதண்ணி போன்ற கனமான சாமான் எல்லாம் முன்தட்டில், அடியில் இருக்கட்டும். பின்னால் மிதிப்பவருக்கு அது ஈடு கொடுக்கும்.

மூன்றாவது பாடம்: காற்றா, காலா?

சாதாரண ஆள் தொடர்ந்து மிதித்தால் சுமார் 75 வாட் சக்தி தரலாம். தகடுகளில் பாதி வீணாகும் என்று வைத்தால், மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் வண்டியைத் தள்ளும் விசை சுமார் 3 கிலோ எடை அளவுதான். வேகத்தை இரட்டிப்பாக்க நினைக்காதீர்கள். தண்ணியில் இரண்டு மடங்கு வேகத்துக்கு ஏறக்குறைய எட்டு மடங்கு சக்தி வேண்டும்!

இப்போது பலகையால் அழகாக ஒரு அறை கட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பக்கவாட்டுப் பரப்பு 2 சதுர மீட்டர். மணிக்கு 18 கி.மீ. காற்று அடித்தாலே அதன் மேல் சுமார் மூன்றரை கிலோ விசை விழும். அதாவது நம் காலை விடக் காற்று பலசாலி. காற்று 36 கி.மீ. ஆனால் விசை நாலு மடங்கு, 14 கிலோ. சாயந்தரம் நம்ம ஊரில் வீசும் கடற்காற்றே நம்மைக் கரையில் கொண்டுபோய் ஒதுக்கிவிடும்.

ஆகவே பலகை அறை வேண்டாம். மூங்கில் வளைவும் தார்ப்பாயும் போதும். தண்ணியில் போகும்போது சுருட்டி வைக்க வேண்டும், நின்று கட்டிப்போட்ட பிறகே விரிக்க வேண்டும். என் முதல் படத்தில் ஜன்னல் வைத்த அறை வரைந்திருந்தேன். இந்தக் கணக்கைப் போட்டதும் அழித்துவிட்டேன்.

பின்சக்கரத்துக்குச் சைதுல்லா வழிதான், கம்பிகளில் தகடுகள். வண்டி திரும்பும் இணைப்பைத் தண்ணியில் இறங்கும் முன் கம்பி போட்டுப் பூட்டிவிட வேண்டும். அங்கே திருப்புவதற்குப் பின்னால் ஒரு சுக்கான். கரை ஏறியதும் கேன் வரிசைகளை மேலே தூக்கிப் பக்கத்தில் கட்டிவிடலாம். உப்புத்தண்ணி பட்டால் செயினும் பேரிங்கும் துருப்பிடிக்கும். நல்ல தண்ணி ஊற்றிக் கழுவி கிரீஸ் வைக்க மறக்கக் கூடாது.

எச்சரிக்கை!

எண்ணூர் முகத்துவாரத்திலோ பக்கிங்காம் கால்வாயிலோ யாரும் சோதித்துப் பார்க்காதீர்கள். முகத்துவாரத்தில் இழுப்பு அதிகம். கால்வாயில் கழிவுநீர். 2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலிப் பக்கமிருந்து எண்ணெய் கலந்து கொசஸ்தலை ஆறு வழியாக எண்ணூர் கடல் வரை பரவியதைப் பார்த்தோமே. முதல் சோதனை ஆழமில்லாத தண்ணியில், ஆளுக்குப் பதில் மணல் மூட்டையோடு, பெரியவர்கள் முன்னால்தான். பிறகு ஏறுகிறவருக்கு மிதவைச் சட்டை கட்டாயம்.

நீங்களே செய்து பாருங்கள்

இரண்டு காலி அரை லிட்டர் பாட்டில்களை மூடி போட்டுச் சேர்த்துக் கட்டி, மேலே ஒரு அட்டையை ஒட்டி பக்கெட் தண்ணியில் விடுங்கள். அட்டை ஓரத்தில் ஒவ்வொன்றாகக் காசு வையுங்கள். எத்தனையாவது காசில் கவிழ்கிறது? அடுத்து பாட்டில்களை ஒரு சாண் தள்ளி வைத்து, அதே அட்டையில் அதே ஓரத்தில் காசு வையுங்கள். இரண்டு எண்களையும் எழுதிக்கொண்டு வாருங்கள், ஒப்பிட்டுப் பார்ப்போம்.

சிந்திக்க

1. கடல்நீர் 1 லிட்டர் சுமார் 1.025 கிலோ. நம்ம வண்டி கடல்நீரில் எத்தனை லிட்டர் அமுங்கும்?
2. ஓட்டுபவர் 70 கிலோ என்றால் எத்தனை கேன் வேண்டும்?
3. உங்கள் தெருவில் தண்ணி வந்தால் முதலில் யாரை ஏற்ற வேண்டும்? அவர்களால் ஏற முடியுமா? அதற்கு வண்டியில் என்ன மாற்றம் செய்வீர்கள்?

மூன்றாவது கேள்விக்குப் புத்தகத்தில் விடை இல்லை. வீட்டில் ஆயா, தாத்தாவிடம் கேளுங்கள். எங்கள் தெரு ஆயா எனக்குச் சொன்ன விடை: "பிடிச்சுக்க ஒரு கம்பி வைடா, அது போதும்." என் படத்தில் இப்போது கைப்பிடிக் கம்பியும் இருக்கிறது.

– 9 ஆம் வகுப்பு மாணவன், அறிவியல் மன்றம்