வான்வழியும் வாழ்மனையும்

நாம் பிறந்து வளர்ந்த அரியாங்குப்பம் பழந்துறைமுகம் ஒன்றன் அண்மையில் உள்ளது. ஆற்றங்கரையிலுள்ள அரிக்கமேட்டை 1945ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தாய்ந்து, அவ்விடம் உரோமரோடு வாணிகம் நிகழ்த்திய துறை எனக் காட்டினார். கலங்கள் வந்திறங்கிய அந்நாளில் அக்கரையில் ஆரவாரம் மிகுந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதனைக் கேட்டவர் பெரும்பாலும் அத்துறையாற் பிழைத்தவரே. சுமை தூக்கினோரும், மணி கோத்தோரும், விலை பேசினோரும் அவரே. இற்றைநாள் வான்துறையின் நிலை அத்தகையதன்று. விமானத்தில் ஏறிச் செல்பவர் சிலர். அதன் இரைச்சலைப் பொறுப்பவரோ அதில் ஒருநாளும் ஏறாத பலர். ஒருவர் பெறும் பயனுக்கு மற்றொருவர் விலை கொடுக்கும் இந்நிலையைச் சீர்செய்யுமாறு யாது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த பொருள்.

புதுவையின் விமான நிலையம் நகருக்கு வடபாலுள்ள இலாசுப்பேட்டையில் அமைந்தது. அதன் ஓடுபாதை ஏறத்தாழ 1,500 மீட்டர் நீளமே உடையது. ஆதலின் பெரிய ஜெட் விமானங்களுக்கு அது போதாது. இடையே நின்றுபோயிருந்த பயணிகள் போக்குவரவு 2024 டிசம்பர் 20ஆம் நாள் பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் மீண்டுந் தொடங்கிற்று. அதற்கு அமர்த்தப்பெற்றவை ஏ.டி.ஆர். வகைச் சிறு விமானங்களே. ஓடுபாதையை நீட்டிப் பெரிய விமானங்களை வரவழைத்தல் வேண்டும் என்பது புதுவை அரசின் நெடுநாள் விருப்பம். அதற்கு வேண்டும் நிலத்தில் ஒரு பகுதி அண்டையிலுள்ள தமிழ்நாட்டு எல்லைக்குள் அடங்கும்.

ஒருமுறை நாம் நகரின் வடபுறத்தில் வாழும் உறவினர் இல்லத்துக்குச் சென்றிருந்தபொழுது, விமானம் ஒன்று தலைக்குமேல் தாழப் பறந்தது. அவ்வீட்டுச் சிறுவன் கைகொட்டிக்கொண்டு மாடிக்கு ஓடினான். நோயுற்றிருந்த அவன் பாட்டியாரோ, அப்பொழுதுதான் கண்ணயர்ந்தவர், திடுக்கிட்டு எழுந்தார். ஒலி ஒன்றே, கேட்டவர் இருவர். நம் மொழி ஒலியென்றும் இரைச்சலென்றும் வேறுபடுத்துவதன் நுட்பம் அன்று நமக்கு விளங்கிற்று. செவிக்கு எட்டுவதெல்லாம் ஒலி; கேட்பார் வேண்டாதபொழுது வந்து புகுவது இரைச்சல்.

இவ்விரைச்சல் உறக்கத்தை மட்டுமன்றிக் கல்வியையும் கெடுக்கும். செருமானிய நாட்டு மியூனிக் நகரில் 1992 மே மாதத்தில் பழைய விமான நிலையம் மூடப்பெற்று, வேறோரிடத்தில் புதியது திறக்கப்பெற்றது. ஆராய்ச்சியாளர் சிலர் இரு நிலையங்களின் அருகில் வாழ்ந்த சிறார்களை அம்மாற்றத்துக்கு முன்னும் பின்னும் சோதித்து, முடிவுகளை 2002ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பழைய நிலையத்தருகே நினைவாற்றலிலும் வாசிப்பிலும் பின்தங்கியிருந்த சிறார் இரைச்சல் ஒழிந்தபின் தேறினர்; புதிய நிலையத்தருகே வாழ்ந்தோர் அவ்விரண்டிலும் தளர்ந்தனர். இலாசுப்பேட்டை, தாகூர் கலைக் கல்லூரி முதலாய கல்விச்சாலைகள் அமைந்த இடம் என்பதை நினைப்பார்க்கு இச்செய்தி சிறிதாகத் தோன்றாது.

இனி, இரைச்சலை அளக்குமாற்றைக் காண்போம். ஒலியை அளக்கும் அலகு டெசிபெல் ஆகும். இவ்வளவில் 10 கூடின், ஒலியின் ஆற்றல் பதின்மடங்காகும். செவிக்கு ஏறக்குறைய இருமடங்காகத் தோன்றும். இந்திய அரசு 2000ஆம் ஆண்டில் வகுத்த ஒலிமாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 எனவும் இரவில் 45 எனவும் எல்லை கட்டின. விமான நிலையங்களுக்கு 2018ஆம் ஆண்டில் தனி எல்லை வகுக்கப்பெற்றது. ஆண்டுக்கு 50,000 முறைக்குமேல் விமானங்கள் வந்துபோகும் நிலையங்களுக்குப் பகலில் 70, இரவில் 65. ஏனையவற்றுக்குப் பகலில் 65, இரவில் 60. இரவில் வீட்டுக்கு உரிய 45க்கும் நிலையத்துக்கு உரிய 60க்கும் உள்ள வேற்றுமை, ஆற்றலளவில் முப்பது மடங்குக்கு மேற்பட்டது.

மற்றொன்றும் கருதத்தக்கது. இவ்வெல்லைகள் நெடுநேரத்துச் சராசரியைப் பற்றியன. நாளொன்றுக்குச் சில விமானங்களே வரும் ஊரில் சராசரி தாழ்ந்தே நிற்கும். ஆனால் பாட்டியாரை எழுப்பியது சராசரியன்று. ஒரே ஒரு விமானம். ஆதலின் சராசரியோடு ஒவ்வொரு விமானமும் எழுப்பும் உச்ச ஒலியையும் அது வரும் நேரத்தையும் குறித்தல் முறையாகும்.

இரைச்சலைக் குறைக்கும் வழிகளை, சர்வதேசச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2001ஆம் ஆண்டில் நான்காக வகுத்தது. முதலாவது, பிறக்குமிடத்திலேயே ஒலியைக் குறைத்தல். ஜெட் இயந்திரத்திலிருந்து பாயும் காற்றுத்தாரையின் ஒலியாற்றல் அதன் வேகத்தின் எட்டாம் படியைத் தொடர்ந்து வளரும் என்று ஜேம்ஸ் லைட்ஹில் 1952ஆம் ஆண்டில் கண்டார். ஏனையவை மாறாதிருக்க, வேகம் பாதியானால் ஒலியாற்றல் 256இல் ஒரு பங்காகும். மிகுந்த காற்றை மெல்லத் தள்ளும் அகன்ற விசிறி கொண்ட புது இயந்திரங்கள் பழையனவற்றினும் அடங்கி ஒலிப்பது இதனாலேயே. இரண்டாவது, நிலத்தை அறிந்து பயன்படுத்தல்: ஓடுபாதையின் நேர்முனைகளில் கிடங்குகளும் வயல்களும் இருக்கலாம், பள்ளியும் மருத்துவமனையும் ஆகா. மூன்றாவது, பறக்கும் முறையைத் திருத்தல்: படிப்படியாக நின்று நின்று இறங்காமல் ஒரே சரிவாக இறங்குதலும், மக்கள் குறைந்த பக்கமாக ஏறுதலும் இதன்பாற்படும். நான்காவது, நேரத்தடை: ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் 1995ஆம் ஆண்டுச் சட்டம் இரவு 11 மணிமுதல் காலை 6 மணிவரை, சில விலக்குகள் தவிர, விமானங்களைத் தடுத்தது.

மேனாட்டார் வீட்டுப் பலகணிகளுக்கு இரட்டைக் கண்ணாடி இட்டும் இரைச்சலைத் தடுப்பர். கடற்காற்றுக்காகப் பலகணியைத் திறந்துவைத்து உறங்கும் நம்மவர்க்கு அதனாற் பெரும்பயன் இல்லை. ஆகவே நம் நாட்டில் நிலத்தைக் காத்தலும் நேரத்தைக் காத்தலுமே சிறந்த வழிகளாம்.

"விமான நிலையம் முன்னரே இருந்தது, பின்னர் வந்து வீடு கட்டியவர் குறை கூறலாமோ?" என்று வினவுவார் உளர். இவ்வினாவில் ஓரளவு நியாயம் உண்டு. எனினும் மனை வாங்கும் ஏழை, வான்வழியின் வரைபடத்தைக் கண்டவன் அல்லன்; கட்ட இசைவு தருவோரே அதனைக் கண்டு கூறக் கடமைப்பட்டவர். மேலும், ஓடுபாதை நீளுங்கால் வீடு நிலையத்தை நோக்கி வருவதில்லை. நிலையமே வீட்டை நோக்கி வருகிறது.

போக்குவரவு சிறிதாயிருக்கும் காலமே இதற்குத் தக்க காலமாகும். ஓடுபாதையை நீட்டுமுன், இரைச்சல் எத்துணைத் தொலைவு எட்டும் எனக் காட்டும் வரைபடம் ஒன்று தமிழில் வெளிவருதல் வேண்டும். அவ்வெல்லைக்குள் புதுப் பள்ளிகளுக்கு இசைவு தருதல் ஆகாது. நள்ளிரவு விமானங்கள் வேண்டா என்பது தொடக்கத்திலேயே முடிவாதல் வேண்டும். நிலம் இரு அரசுகளின் எல்லையில் கிடத்தலின், இரண்டும் ஒருங்கே அமர்ந்து இவற்றை வகுத்தல் இன்றியமையாதது. ஆயிரம் வீடுகள் எழுந்தபின் இவற்றுள் ஒன்றையும் எளிதிற் செய்ய இயலாது. வருமுன் காவாதான் வாழ்க்கைக்கு நேரும் கேட்டைத் திருவள்ளுவர் குற்றங்கடிதலில் எடுத்துரைத்ததும் இத்தகைய காலங்கருதியே போலும்.

நாம் விமானத்தை வேண்டாவென்பார் அல்லேம். மாடிக்கு ஓடிய அச்சிறுவன் ஒருநாள் அதில் ஏறிப் பறத்தல் வேண்டும் என்பதே நம் விருப்பம். அந்நாளில், கீழே அவனுக்குப்பின் பிறந்த சிறாரும் தத்தம் பாடத்தை இடையறவின்றிப் படித்திருத்தல் வேண்டும்; முதியோரும் உறங்கியிருத்தல் வேண்டும்.