அமிலத்தின் இரு பணிகள்

ரவாங் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் சீவிப் பழகியவர்கள், பாலை உறைய வைக்கும் அமிலத்தை நன்கறிவர். அமிலத்தைக் கூட்டினால் ரப்பரும் கூடும் என்று எண்ணுவோரும் நம்மிடையே உண்டு. அவ்வெண்ணம் சரிதானா என்பதை இங்கு ஆராய்வோம்.

ரப்பர் என்பது ஐசோப்ரீன் என்னும் சிறு அலகுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்து நிற்கும் நீண்ட சங்கிலியாகும். அச்சங்கிலியை மரமே, நொதியின் துணைகொண்டு, தன் பாற்குழாய்களில் கட்டி முடித்துவிடுகிறது. மங்கில் வடியும் பாலில் ரப்பர்த் துகள்கள் எதிர்மின்னூட்டம் பெற்றிருப்பதால், ஒன்றையொன்று விலக்கி மிதக்கின்றன. நாம் சேர்க்கும் ஃபார்மிக் அமிலம் அம்மின்னூட்டத்தை நீக்குகிறது. துகள்கள் ஒன்றுகூடிக் கட்டியாகின்றன. ஆகவே, இங்கே அமிலம் ரப்பரைத் திரட்டுகிறதேயன்றி, உண்டாக்குவதில்லை.

அமிலமே சங்கிலியைத் தொடங்கி வைக்கும் தொழிலும் உண்டு. சைக்கிள், மோட்டார் வண்டிகளின் ட்யூபுக்கு உதவும் பியூட்டைல் ரப்பர் அவ்வாறு பிறப்பதாகும். 1937இல் அமெரிக்காவில் வில்லியம் ஸ்பார்க்ஸ், ராபர்ட் தாமஸ் ஆகிய இருவரும் இதனைக் கண்டனர். ஐசோபியூட்டிலீனுடன் சிறிது ஐசோப்ரீனைக் கலந்து, சுழியத்திற்குக் கீழே ஏறத்தாழ 100 பாகை செல்சியஸ் குளிரில் அலுமினியம் குளோரைடைச் சேர்ப்பர். அது சுவடளவு நீருடன் கூடி வலிய அமிலமாகி, முதல் மூலக்கூறுக்கு நேர்மின்னூட்டம் அளிக்கிறது. மின்னணுவை நாடும் அம்மூலக்கூறு அடுத்ததைப் பற்றிக்கொள்கிறது. மின்னூட்டம் புதிதாகச் சேர்ந்ததன்மேல் மாறுகிறது. அது அதற்கடுத்ததைப் பற்றுகிறது. இவ்வாறு நொடிப்பொழுதில் சங்கிலி நீள்கிறது. ஸ்டைரீன் என்னும் திரவமும் கந்தக அமிலம் பட்டால் இம்முறையிலேயே பிணைகிறது.

இத்துணைக் குளிர் எதற்கு? வெப்பம் மிகுந்தால் நுனியிலுள்ள மின்னூட்டம் வேறு மூலக்கூறுக்குத் தாவிவிடும்; சங்கிலி குறுகி, ரப்பர் வலுவிழக்கும். நீர் மிகுந்தாலும் வினை தடைப்படும். எனவே அங்கும் அளவே முதன்மையானது.

நம் தோட்டத்திலும் அதுவே நெறி. 1925இல் அமைந்து, ரவாங்குக்கு அண்மையிலுள்ள சுங்கை பூலோவில் சோதனைத் தோட்டம் நடத்திவந்த ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் பாலுறைப்பையும் ஆராய்ந்தது. அமிலம் மிகுந்தால் கட்டி கடினமாகும், உலர்வது தாமதமாகும், ரப்பரின் எடையோ கூடாது. அமிலத்தை நீரில் ஊற்றுக. நீரை அமிலத்தில் ஊற்றற்க. கையுறையும் கண்காப்பும் அணிக. கண்ணிலோ தோலிலோ பட்டால் உடனே ஓடும் நீரில் நெடுநேரம் கழுவி, மருத்துவரை நாடுக. மரம் ஆக்கித் தந்த செல்வத்தை அளவறிந்து திரட்டுவதே நம் கடமையாகும்.