புள்ளிகள் எங்கே கோடு கட்டுகின்றன?

அன்புள்ள கயல்விழிக்கு,

புவிவெப்பக் கிணறு ஒன்றில் அதிர்வுக் கண்காணிப்பு வேலையில் சேரப் போகிறாயாம், அம்மா சொன்னாள். மிகுந்த மகிழ்ச்சி. அதோடு கொஞ்சம் சொல்லவும் இருக்கிறது.

நாலைந்து கிலோமீட்டர் ஆழத்துப் பாறையில் சூடு உண்டு, நீர் ஓட வழி இல்லை. அழுத்தத்தோடு தண்ணீரைச் செலுத்தினால் பழைய விரிசல்களின் பிடி தளர்ந்து, அவை லேசாக வழுக்கும். அதுதான் உன் திரையில் தெரியும் அதிர்வு. முதலில் மெல்லிய துடிப்பு, அடுத்து பெரியது. இடைவெளி அரை வினாடி என்றால், வழுக்கிய இடம் ஏறக்குறைய 4 கிலோமீட்டர் தள்ளி. கணினியே குறித்துக் கொடுக்கும்; இருந்தாலும் தினமும் கொஞ்சமாவது நீயே பார்த்துக் குறி. இரண்டாம் அலையின் தொடக்கம் முதல் அலையின் வாலில் புதைந்து கிடக்கும். கணினி தடுமாறுவது அங்கேதான்.

அளவு சிறியதாக இருக்கிறதே என்று மட்டும் நிம்மதி அடைந்துவிடாதே. 2006 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் அதிர்வு கூடியதும் பம்பை நிறுத்தினார்கள். நிறுத்திய சில மணி நேரம் கழித்துத்தான் 3.4 அளவு நிலநடுக்கம் வந்தது. திட்டமே கைவிடப்பட்டது.

தென்கொரியாவின் போஹாங் இன்னும் வேதனையானது. 2017 ஏப்ரலில் அங்கே 3.2 அளவு அதிர்வு வந்தது. பிறகும் தண்ணீர் செலுத்தினார்கள். செப்டம்பரில் அதுவும் நின்றது. நவம்பர் 15 அன்று 5.5. நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். மறுநாள் நடக்கவிருந்த கல்லூரி நுழைவுத் தேர்வை நாடு முழுவதும் ஒரு வாரம் தள்ளிவைத்தார்கள். அரசு அமைத்த ஆய்வுக் குழு பழைய பதிவுகளை எடுத்துச் சிறு அதிர்வுகளின் இடங்களைத் திருத்திக் கணக்கிட்டது. புள்ளிகள் ஒரே தளத்தில் வந்து நின்றன! யாரும் வரைபடத்தில் குறிக்காத பிளவு அது. தண்ணீர் செலுத்திய காலத்திலேயே இந்தக் கணக்கைப் போட்டிருக்கலாம் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

ஆகவே புள்ளிகளை எண்ணுவதோடு விடாதே. மேகம்போல் பரவுகின்றனவா, ஒரு தளத்தில் கோடு கட்டுகின்றனவா என்று பார். கோடு கட்டினால் அன்றே சொல்.

முடியாத காரியமல்ல. 2018இல் ஹெல்சிங்கி அருகே 6 கிலோமீட்டர் ஆழத்தில் 49 நாள் தண்ணீர் செலுத்தினார்கள். அதிர்வுக் கணக்கு சில நிமிடங்களில் பம்பு இயக்குபவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்கேற்ப அவர்கள் அழுத்தத்தைக் குறைத்தார்கள், ஓய்வும் விட்டார்கள். மிகப் பெரிய அதிர்வே 2ஐத் தொடவில்லை.

சேர்ந்த முதல் வாரமே ஒன்றைக் கேட்டு வை: பம்பை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கு, நடுராத்திரியில் அவரை எந்த எண்ணில் கூப்பிடுவது? பதில் தெளிவாக வராவிட்டால் எழுத்தில் கேள்.

அன்புடன்,
மாமா