வெறிநோயைக் காட்டும் பச்சை ஒளி

வெறிநாய்க்கடி என்றாலே நம் தருமபுரிப் பக்கத்துக் கிராமங்களில் அச்சந்தான். கடித்த நாய் இறந்துவிட்டால், அதற்கு வெறிநோய் இருந்ததா என்று எவ்வாறு அறிவது? அதன் மூளைத் திசுவில் வெறிநோய் வைரஸின் புரதம் இருக்கிறதா என்று தேட வேண்டும். அம்முறையை இங்கே காண்போம்.

1903-ஆம் ஆண்டில் இத்தாலியரான நெக்ரி, வெறிநோயால் மாண்ட விலங்குகளின் மூளைச் செல்களுக்குள் சிறு உருண்டைகளைக் கண்டார். நெடுங்காலம் சாயமேற்றி இவ்வுருண்டைகளைத் தேடுவதே சோதனையாக இருந்தது. ஆனால், நோயிருந்தும் உருண்டை தென்படாத மூளைகள் பல. நமக்கு வேண்டியது, அந்த ஒரு புரதத்தை மட்டும் பற்றும் சாயம்.

அத்தகைய பொருளை உடலே செய்கிறது. அதுதான் எதிர்ப்பொருள். பூட்டுக்கு ஏற்ற சாவிபோல் அது தனக்குரிய புரதத்தோடு மட்டுமே பொருந்தும். ஆனால் கண்ணுக்குத் தெரியாதே! 1941-இல் அமெரிக்காவில் ஆல்பர்ட் கூன்ஸும் அவர்தம் துணைவர்களும் எதிர்ப்பொருளோடு ஒளிரும் சாயத்தை இணைத்துக் காட்டினர். 1958-இல் இம்முறை வெறிநோய்க்கும் பயன்பட்டது.

மூளைத்தண்டு, சிறுமூளை ஆகியவற்றின் துண்டைக் கண்ணாடிச் சில்லில் ஒற்றி எடுப்பார்கள். குளிர்ந்த அசிட்டோனில் அதை நிலைப்படுத்தி, சாயம் இணைத்த எதிர்ப்பொருளை இடுவார்கள். 37 டிகிரி வெப்பத்தில் அரைமணி நேரம் வைத்தபின் நன்கு கழுவ வேண்டும். கழுவுதலே இதன் உயிர்நாடி. புரதத்தைப் பற்றாத எதிர்ப்பொருள் அனைத்தும் போய்விடும். ஒளிர் நுண்ணோக்கியில் பார்த்தால், வைரஸ் புரதம் உள்ள இடங்கள் மட்டும் இருட்டில் பச்சைப் புள்ளிகளாக மின்னும். நோயுள்ளது, நோயற்றது என முன்பே அறிந்த இரு சில்லுகளையும் உடன் வைத்தே முடிவு கூறுவார்கள். மூளை அழுகிவிட்டால் முடிவை நம்ப இயலாது. ஆகவே பனிக்கட்டியில் வைத்து விரைந்து அனுப்ப வேண்டும்.

முடிவு வரட்டும் என்று கடிபட்டவர் காத்திருத்தல் கூடாது. புண்ணைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசி போடத் தொடங்க வேண்டும். மஞ்சளும் மிளகாயும் அப்புவது கேடே. நோயின் குறிகள் தோன்றிவிட்டால் பிழைப்பது மிக அரிது.

நமக்கு அண்மையிலுள்ள பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் இச்சோதனை நடைபெறுகிறது. நோயாளி உயிரோடிருக்கையிலேயே பிடரித் தோலில் சிறு துண்டெடுத்து, மயிர்க்கால்களைச் சூழ்ந்த நரம்புகளில் இப்புரதத்தைத் தேடுவதும் உண்டு.

ஒளிர் நுண்ணோக்கி விலைமிக்கது. அதனால் எதிர்ப்பொருளோடு நொதியை இணைத்துச் செந்நிறம் தோன்றச் செய்யும் முறையும் வந்துள்ளது. அதற்கு நம் பள்ளி ஆய்வுக்கூடத்தில் உள்ளதைப் போன்ற சாதாரண நுண்ணோக்கியே போதும்.