ரவுட்டர் வாங்கறதுக்கு முன்னாடி டி.வி.க்கு வயர் இழு

எத்தனை ஆன்டெனா இருக்கற ரவுட்டரா வாங்கலாம்னு கேட்டிருந்தே. ஆன்டெனாவை எண்ணிக்கிட்டு நிக்காதேடி. ரெண்டு கொம்பு இருந்தாலும் எட்டு கொம்பு இருந்தாலும், அரசாங்கம் அனுமதிச்ச அளவுக்கு மேல எந்தப் பெட்டியும் சிக்னல் வீச முடியாது. எண்ண வேண்டியது உன் வீட்டுல வைஃபையை நம்பி இருக்கற சாமான்களை.

ஆளுக்கொரு போன். மாப்பிள்ளையோட ஆபீஸ் லேப்டாப், பெரியவனோட டேப். கீழ மாமனார் டி.வி., மாடியில உங்க டி.வி. வாசல்லயும் மொட்டை மாடியிலயும் கேமரா. ஏ.சி., ஸ்மார்ட் பல்புங்க, அப்புறம் குட்டி ரைம்ஸ் பார்க்கற அந்தப் பழைய போன். எப்படியும் இருபதைத் தொடும்.

இத்தனைக்கும் உங்க 100 எம்பிபிஎஸ் பிளான் பத்தாதோன்னு தோணும். கணக்குப் போட்டுப் பாரு. ஃபுல் எச்.டி. படத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கே-வுக்கு 15 இருந்தா போதும்னு நெட்ஃபிளிக்ஸே சொல்லுது. ரெண்டு டி.வி.யிலயும் 4கே ஓடினாக்கூட 30தான். அப்புறம் ஏன் ராத்திரி எட்டு மணிக்கு எல்லாம் சுத்திக்கிட்டே நிக்குது?

வைஃபைல ஒரு சேனல்ல ஒரு நேரத்துக்கு ஒருத்தர்தான் பேச முடியும். தெருக்குழாய் வரிசை மாதிரிதான் இதுவும். ஒருத்தி பெரிய குடத்தை மடமடன்னு ரொப்பிட்டு நகர்ந்துடுவா, இன்னொருத்தி டம்ளரால மொண்டு மொண்டு ஊத்திக்கிட்டு நிப்பா. அந்த டம்ளர்க்காரிதான் குட்டியோட பழைய போன். தூரத்துல, ரெண்டு சுவருக்கு அப்பால மங்கலான சிக்னல்ல இருக்கற கேமராவும் அப்படித்தான். அதுங்க மெதுவா இருக்கறது அதுங்களோட போகாது, பின்னாடி நிக்கற எல்லாரையும் காக்க வைக்கும். அதனால உன் வீட்டுக்கு வேண்டியது முறையை நல்லாப் பங்கு போடற ரவுட்டர். அதைவிட முக்கியம், வரிசையில நிக்கற கூட்டத்தைக் குறைக்கறது.

இடத்தை விட்டு நகராத எதையும் வைஃபைல வைக்காதே. டி.வி. எங்கயாவது நடந்து போகுமா? ரெண்டு டி.வி.க்கும் லேன் கேபிள் கொடுத்துடு. மாப்பிள்ளையோட ஆபீஸ் மேஜைக்கும் ஒண்ணு. முன்னாடி கேபிள் டி.வி.க்கு விட்ட பைப் சுவருக்குள்ள சும்மாத்தானே கிடக்கு, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டா அதுலயே இழுத்துடுவார். கரன்ட் வயர் போற பைப்புல மட்டும் சேர்த்து இழுக்க விடாதே. கேட்-6 கேபிள் வாங்கறப்ப "சுத்த காப்பர்தானா?"ன்னு அழுத்திக் கேளு. அலுமினியத்து மேல செம்பு பூசினது பாதி விலைக்குக் கிடைக்கும், கடைக்காரர் அதைத்தான் முதல்ல எடுத்துப் போடுவார். ரெண்டு டி.வி.யும் வயருக்கு மாறிட்டா, பழைய ரவுட்டரே போதும்னு உனக்குத் தோணினாலும் தோணும். தோணினா அந்தக் காசுக்கு நல்ல மிக்ஸியா வாங்கிக்கோ.

தோணலைன்னா கடைக்குப் போ. பெட்டி மேல வைஃபை 6-னு இருக்கணும். 2019-ல வந்தது. ஒரே முறையில பல சாதனங்களுக்கு சின்னச் சின்னப் பங்கா பிரிச்சுக் கொடுக்கத் தெரிஞ்சது. ஆனா அந்த வசதி உள்ள போன், லேப்டாப்புக்குத்தான் அந்தப் பங்கு. பழசுங்க பழைய மாதிரியேதான் வாங்கிக்கும். இப்ப வைஃபை 7-ம் வந்தாச்சு. உங்க வீட்டுல அதைப் புரிஞ்சுக்கற போனே இல்லாதப்ப அதுக்கு ஏன் கூடக் கொடுக்கணும்?

ஏஎக்ஸ்3000-னு போட்டிருந்தா 3000 எம்பிபிஎஸ் வரும்னு நினைச்சுடாதே. 2.4 ஜிகாஹெர்ட்ஸ்ல 574, 5 ஜிகாஹெர்ட்ஸ்ல 2402, ரெண்டையும் கூட்டி ரவுண்டா எழுதின கணக்கு அது. உன் போன் ஒரு நேரத்துல ஏதாவது ஒண்ணுலதான் இருக்கும். உங்க வீட்டுக்கு ஏஎக்ஸ்1500-லேருந்து ஏஎக்ஸ்3000 வரைக்கும் எது கிடைச்சாலும் சரி, அதுக்கு மேல போறது வீண் செலவு. "128 சாதனம் தாங்கும்"னு போட்டிருப்பான், அதையும் படிச்சுட்டு விட்டுடு.

விடாமப் பார்க்க வேண்டியது பின்பக்கத்தை. லேன் போர்ட் அத்தனையும் ஜிகாபிட் போர்ட்டா இருக்கணும். விலை குறைஞ்ச பெட்டிகள்ல 100 எம்பிபிஎஸ் போர்ட்டை வெச்சுடுவாங்க. நாளைக்கு நீங்க 300 பிளானுக்கு மாறினாலும் வேகம் 95 பக்கத்துலயே நின்னுடும், நீ கம்பெனிக்காரனைத் திட்டிக்கிட்டிருப்பே. டி.வி.ல இருக்கற போர்ட் 100-ஆ இருந்தா பரவாயில்லை, படத்துக்கு அது தாராளம்.

இனி வைக்கற இடம். ஃபைபர்காரர் வந்தா கிடைச்ச இடத்துல ஓட்டை போட்டு, வாசக்கதவுக்குப் பக்கத்துலயே பெட்டியை மாட்டிட்டுப் போயிடுவார். அப்போ வைஃபையில பாதி தெருவுக்கு. ஃபைபரை மாடிப்படி பக்கம் வரைக்கும் கொண்டு வரச் சொல்லு. ரொம்ப வளைச்சு மடிக்கக் கூடாது, அது கண்ணாடி இழை. முடியலைன்னா அந்தப் பெட்டியை அங்கயே விட்டுட்டு, அதுலேருந்து லேன் கேபிள் இழுத்துப் புது ரவுட்டரை நடு வீட்டுல வை. அப்படி வெச்சா புதுசை "ஆக்சஸ் பாயிண்ட்" மோடுல போட்டு, பழைய பெட்டியோட வைஃபையை அணைச்சுடு. பீரோ பக்கத்துல, டி.வி.க்குப் பின்னாடி, மீன் தொட்டி பக்கம், ஷோகேஸ் உள்ள, எங்கயும் வேண்டாம். இரும்பும் தண்ணியும் சிக்னலுக்கு ஆகாது. ஆள் உயரத்துக்குச் சுவர்ல, ஆன்டெனா நேரா நிக்கற மாதிரி மாட்டு. அசிங்கமா இருக்குன்னு மாமியார் முகம் சுளிச்சா, ரெண்டு நாள்ல பழகிடும்னு விட்டுடு.

மாடிக்கு எப்படியும் ஒண்ணு தனியா வேணும். நடுவுல கம்பி கட்டின கான்கிரீட் தளம் இருக்கு, கீழ இருக்கறது எவ்வளவு நல்ல ரவுட்டரா இருந்தாலும் சிக்னல் பாதியாத்தான் மேல ஏறும். பிளக்ல சொருகற மலிவு ரிப்பீட்டர் வாங்காதே. வாங்கினதையே திரும்பச் சொல்றதுல வேகம் பாதி போயிடும். மெஷ் செட் வாங்கி, ரெண்டையும் லேன் கேபிளால இணைச்சுடு. கேபிள் போக வழியே இல்லைன்னா, மாடிப் பெட்டியைப் படி ஏறின உடனே வை. சிக்னல் வராத ரூமுக்குள்ள கொண்டுபோய் வெச்சா அதுக்கே சிக்னல் கிடைக்காது, உனக்கு என்னத்தைக் கொடுக்கும்?

பல்பும் கேமராவும் பெரும்பாலும் 2.4-ல மட்டும்தான் வேலை செய்யும். அதுக்குத் தனிப் பேர் வெச்சுக் கொடுத்துட்டு, போனையெல்லாம் 5-க்கு மாத்திடு. 2.4-ல பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாரும் கூடி நிப்பாங்க. சேனல் 1, 6, 11, இந்த மூணுல கூட்டம் கம்மியா இருக்கறதைப் பார்த்துப் போடு. மைக்ரோவேவ் ஓடறப்ப சமையல்கட்டுல போன் தடுமாறறதுக்கும் இதே 2.4தான் காரணம். விருந்தாளிக்குக் கெஸ்ட் வைஃபை. பெட்டிக்கு அடியில ஒட்டியிருக்கற அட்மின் பாஸ்வேர்டை மாத்தாம விட்டுடாதே.

பெரியவன் ஆன்லைன் கிளாஸ்ல இருக்கறப்ப யாரோட போனாவது கல்யாண போட்டோவையெல்லாம் கிளவுட்ல ஏத்திக்கிட்டிருந்தா கிளாஸ் அறுந்துடும். பேக்கப்பை ராத்திரிக்குத் தள்ளு. ரவுட்டர்ல க்யூஓஎஸ்-னு ஒரு இடம் இருந்தா லேப்டாப்புக்கும் டேபுக்கும் முதல் மரியாதை கொடுத்துடு.

கரன்ட் போற நேரத்துக்கு ஒரு மினி யூபிஎஸ் வாங்கிக்கோ. அடாப்டர்ல எத்தனை வோல்ட், எத்தனை ஆம்ப்னு போட்டிருக்கும், போட்டோ எடுத்துக்கிட்டுக் கடைக்குப் போ. வோல்ட் அதேதான் இருக்கணும், ஆம்ப் கூட இருந்தா பரவாயில்லை. ஃபைபர் பெட்டி தனியா, ரவுட்டர் தனியா இருந்தா ரெண்டுக்கும் சேர்த்து வாங்கு. ஒண்ணு மட்டும் எரிஞ்சுக்கிட்டிருந்தா நெட் வராது.